நூறு கிராம் சிட்டம்

நாற்காலி நூல் கொடுத்தது. அது அவளுக்கு முதலில் உறைக்கவே இல்லை.

மதியம் மூன்று மணி இருக்கும். நூல் அறையின் ஜன்னல் பாதி திறந்திருந்தது. பாச்சை உருண்டை வாசனையும், பல மழைக்காலங்களாக மூட்டைக்குள்ளேயே அடைந்துகிடந்த கம்பளியின் ஈர வாசனையும் ஒன்றாகக் கலந்து மூக்கில் ஏறி, ஏறிய கொஞ்ச நேரத்தில் பழகிப்போய், வாசனையே இல்லாததுபோல் ஆகியிருந்தது. எதிரே இருந்த மர நாற்காலியின் முதுகில் ஒரு பச்சைச் சிட்டத்தை மாட்டிவிட்டு, இந்தப் பக்கம் முக்காலியில் உட்கார்ந்து அதை உருண்டையாகச் சுற்றிக்கொண்டிருந்தாள். நல்ல கம்பளி நூல் கடையிலிருந்து உருண்டையாக வராது. பெரிய வளையமாக முறுக்கி, சிட்டம் சிட்டமாகத்தான் வரும். அதை அப்படியே மடியில் போட்டுக்கொண்டு பின்ன உட்கார்ந்தால் பத்தாவது வரியில் சிக்கு விழும், அந்தச் சிக்கு இந்த ஜென்மத்தில் தீராது. அதனால் யாராவது ஒருவர் எதிரில் உட்கார்ந்து, இரண்டு கையையும் அகட்டி, வளையத்தைப் பிடித்துக்கொள்ள வேண்டும். பிடிப்பவருக்கு ஒரே வேலைதான். நூல் இடது பக்கம் போகும்போது இடது கையைக் கொஞ்சம் தாழ்த்த வேண்டும். வலது பக்கம் போகும்போது வலது கையை. அப்படி ஆடி ஆடிக் கொடுத்தால் நூல் தண்ணீராக வரும். கொடுக்காவிட்டால் சுற்றுக்கு ஒரு வெட்டு, சுற்றுக்கு ஒரு இழுப்பு.

நாற்காலிக்கு ஆடத் தெரியாது. வீட்டில் ஆள் இல்லாத பகல்களில் எத்தனையோ தடவை நாற்காலியோடு மல்லுக்கட்டியவள் அவள். ஒவ்வொரு சுற்றுக்கும் எழுந்து எழுந்து நூலைத் தளர்த்திவிட வேண்டும், இடுப்பு விட்டுப்போகும்.

அன்றைக்கு அவள் எழவே இல்லை. இடது, வலது, இடது, வலது என்று நூல் வந்துகொண்டே இருந்தது. உருண்டை எலுமிச்சை அளவு தாண்டி ஆரஞ்சு அளவு ஆன பிறகுதான் தலையை நிமிர்த்தினாள். நாற்காலி நகரவில்லை. அதன் முதுகில் மாட்டியிருந்த சிட்டம் மட்டும் இடது பக்கம் கொஞ்சம் தாழ்ந்தது. அப்புறம் வலது பக்கம்.

காற்று என்று நினைத்துக்கொண்டாள். ஜன்னலுக்கு வெளியே கொடியில் கிடந்த துணி ஆடாமல் அசையாமல் தொங்கியது. சரி, போகட்டும் என்று மீதியையும் சுற்றினாள்.

வேறு யாராவது என்றால் அலறியடித்துக்கொண்டு தெருவுக்கு ஓடியிருப்பார்கள். இவளை என்னவென்று சொல்வது? தெருவில் ஸ்வெட்டர்க்காரம்மா என்றால் அத்தனை பேருக்கும் தெரியும். ஒரு காலத்தில் வாயாடி, சிரித்தால் நாலு வீட்டுக்குக் கேட்கும். புருஷன் செத்து ஏழு மாதம் ஆகிறது. சாவு வீட்டில் ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை. அதற்கு அப்புறமும் வரவில்லை. பசி வரவில்லை, கோபம் வரவில்லை. தலைக்குள் யாரோ பஞ்சைத் திணித்துவிட்ட மாதிரி இருந்தது. கல்நெஞ்சக்காரி என்று முதுகுக்குப் பின்னால் ஒரு பெண் சொன்னது அவள் காதில் விழத்தான் செய்தது. அதற்குக்கூட அவளுக்கு ஒன்றும் தோன்றவில்லை.

அந்த அறையின் கதையைச் சொல்லிவிட வேண்டும். அவருக்கு அச்சகத்தில் வேலை. மனுஷனுக்கு மூக்கின் மேல் கோபம், ஆனால் மன்னிப்புக் கேட்க வாய் வராது. சண்டை போட்ட மறுநாள் சாயங்காலம் ஒரு நூல் பொட்டலம் வரும். மேஜைமேல் வைத்துவிட்டு, ஒன்றுமே நடக்காத மாதிரி முகம் கழுவப் போவார். இவளும் லேசுப்பட்டவள் இல்லை. பொட்டலம் தேவைப்படும்போதெல்லாம் சண்டையைத் தொடங்கிவைத்ததும் உண்டு. பஸ் ஸ்டாண்டில் இவளை மறந்துவிட்டுத் தான் மட்டும் வீட்டுக்கு வந்ததற்கு அரக்கு நிறத்தில் நான்கு சிட்டம். தம்பி கல்யாணத்தில் எல்லார் முன்னாலும் சிடுசிடுத்ததற்குச் சாம்பல் நிறத்தில் எட்டு. வெள்ளை நிறத்தில் பன்னிரண்டு இருந்தது. அது எதற்கு என்று இருவரும் கடைசிவரை வாய்விட்டுப் பேசியதில்லை. முப்பத்தொரு வருஷம். அறையைத் திறந்து பார்த்தாலே தெரியும், எவ்வளவு ஒற்றுமையான தம்பதி என்று. அலமாரி நிறைந்து, கட்டிலுக்கடி நிறைந்து, கட்டில்மேலும் மூட்டையாக ஏறி, ஒரு ஆள் பக்கவாட்டில் நுழைகிற அளவுக்குத்தான் வழி.

இப்போது அறை காலியாக வேண்டும். மகள் ஞாயிற்றுக்கிழமை வருகிறாள், பிரசவத்துக்கு. மாப்பிள்ளை கப்பலில், குழந்தை பிறந்து இரண்டு மாதம் கழித்துத்தான் கரைக்கு வருவார். ஏற்கெனவே இரண்டு தடவை தங்காமல் போய், மூன்றாவதாக நின்ற பிள்ளை இது. எட்டு மாதம் முடிந்துவிட்டது. ஒவ்வொரு நாளையும் மகள் விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தாள்.

"ஏம்மா, நான் வந்து நூல் மூட்டை மேலயா படுக்கிறது?" என்று போனில் சிரித்தாள் மகள். "நல்லதா பாத்து பாப்பாவுக்கு ரெண்டு சட்டை பின்னு. மிச்சத்தை யாருக்காவது குடுத்துத் தொலை."

"சரி."

"நூலைக் குடுன்னா உயிரைக் குடுன்ன மாதிரி குதிப்பியே. சரிங்கிற?"

"சரி."

மகளின் சிரிப்பு நின்றது. "சாப்பிட்டியாம்மா?" என்றாள்.

திங்கட்கிழமை நடந்தது அந்தப் பச்சைச் சிட்டம். செவ்வாய்க்கிழமை இரண்டு சிட்டம் சுற்றினாள், இரண்டும் அதே மாதிரி தண்ணீராக வந்தது. இரண்டாவதைச் சுற்றும்போது, தலையை நிமிர்த்தாமலே, "நீங்களா?" என்று கேட்டாள். சிட்டம் ஒரு கணம் நின்று, மறுபடி ஆடியது. சாயங்காலங்களில் அவர்தான் இந்த நாற்காலியில் உட்கார்ந்து கை நீட்டுவார், வாய் ஓயாமல் அச்சகத்துக் கதை பேசுவார். அதனால் அது அவராகத்தான் இருக்கும் என்று வைத்துக்கொண்டாள். பயம் வரவில்லை. சந்தோஷமும் வரவில்லை. வேலை சீக்கிரம் முடிகிறது, அவ்வளவுதான்.

புதன்கிழமை அறைக்குள் நுழைந்தபோது, முந்தின நாள் மூன்றாவதாகத் தொடங்கிப் பாதியில் விட்ட நீல உருண்டை முக்காலியின் மேல் இருந்தது. மேல் என்றால், சரியாக மேல். மரத்தைத் தொடவில்லை. அதற்கும் மரத்துக்கும் நடுவில் ஒரு விரல் நுழைகிற இடைவெளி இருந்தது. நூல் அங்கிருந்து கிளம்பி, அறையின் குறுக்கே தொங்கி, நாற்காலியில் கிடந்த சிட்டத்துக்குப் போனது.

இடம் மாற்றிக்கொள்ளலாமா என்று கேட்கிற மாதிரி இருந்தது.

அவள் போய் நாற்காலியில் உட்கார்ந்தாள். சிட்டத்தைத் தன் கைகளில் மாட்டிக்கொண்டாள். முப்பத்தொரு வருஷத்தில் ஒருநாள்கூட அவள் பிடிக்கிறவளாக உட்கார்ந்ததில்லை. நூல் மெல்ல இறுகியது. எதிரே உருண்டை சுழல ஆரம்பித்தது. அவள் இடது கையைத் தாழ்த்தினாள், வலது கையைத் தாழ்த்தினாள். எத்தனை சுகமாக இருந்தது அது! யோசிக்க ஒன்றுமில்லை, முடிவெடுக்க ஒன்றுமில்லை, வெறுமே கொடுத்துக்கொண்டிருந்தால் போதும். ஆஸ்பத்திரி வராந்தாவின் பினாயில் வாசனை நினைவில் வந்தது, வந்த சுவடு தெரியாமல் போனது. அவருடைய இருமல் வந்தது, போனது. கல்நெஞ்சக்காரி என்ற குரல் வந்தது, போனது. மகள் முதன்முதலில் நடந்த நாள், அவர் கைதட்டிய சத்தம், எல்லாம் ஒவ்வொன்றாகக் கைகளின் வழியே வழுக்கிக்கொண்டு அந்தப் பக்கம் போயின. ஜன்னல் வெளிச்சம் மஞ்சளாகி, அப்புறம் கறுத்தபோதுதான் சிட்டம் தீர்ந்தது.

பால் காய்ச்சும்போது பாத்திரத்தின் விளிம்பில் கை பட்டது. வேறு ஏதோ கருகுகிற வாசனை என்று தேடினாள். பார்த்தால் தன் விரல்தான்.

ஒரு சட்டைக்கு நூல் போதுமா என்று பார்க்க, சமையலறைத் தராசில் அந்த உருண்டையை வைத்தாள். இது அவளுடைய பழைய பழக்கம். சிட்டத்தின் காகிதப் பட்டையில் நூறு கிராம் என்று அச்சடித்திருந்தது. தராசு முந்நூற்று நாற்பது காட்டியது. தராசு கெட்டுவிட்டதோ என்று பிரிக்காத ஒரு கிலோ சர்க்கரைப் பொட்டலத்தை வைத்துப் பார்த்தாள். சரியாக ஒரு கிலோ. உருண்டையை மறுபடி வைத்தாள். முந்நூற்று நாற்பது.

கூடத்துச் சுவரில் அவர் படம் மாட்டியிருந்தது. அதன் முன்னால் போய் நின்றாள். தெரிந்த முகம்தான். மருந்துக்கடைக்காரர் முகம் தெரிவதுபோலத் தெரிந்தது. அவர் குரல் எப்படி இருக்கும் என்று யோசித்தாள். வரவில்லை. இதற்கு நாம் துடிதுடித்துப் போக வேண்டும் என்று அவளுக்குப் புரிந்தது. கணக்குப் பாடம் புரிகிற மாதிரி புரிந்தது.

வியாழக்கிழமை அவள் முக்காலியிலேயே உட்கார்ந்தாள். நாற்காலியில் ஒரு வெள்ளைச் சிட்டத்தை மாட்டினாள். இந்த முறை கையைப் பார்த்துச் சுற்றவில்லை. சிட்டத்தையே பார்த்துக்கொண்டு சுற்றினாள்.

இருபது சுற்றுக்கு அப்புறம் ஒன்று பிடிபட்டது. சிட்டம் வழுக்கவே இல்லை.

அவர் இளவயதில் காகிதம் வெட்டும் மெஷினில் வலது கையின் கடைசி இரண்டு விரலையும் கொடுத்தவர். அதனால் வலது பக்கம் வளையம் நிற்காது. பத்துச் சுற்றுக்கு ஒரு தடவை வழுக்கி மணிக்கட்டுக்கு வந்துவிடும். "ஐயோ, போச்சுடி, பிடி பிடி" என்பார். மகள் விழுந்து விழுந்து சிரிப்பாள். ஒருநாள்கூட, ஒரு சிட்டம்கூட வழுக்காமல் அவர் பிடித்துக் கொடுத்ததில்லை.

இது வழுக்கவில்லை. திங்கட்கிழமையிலிருந்து ஒரு தடவைகூட வழுக்கவில்லை.

அவள் சுற்றுவதை நிறுத்தினாள். சிட்டமும் நின்றது. நாற்காலி மரத்திலிருந்து ஒரு அங்குலம் விலகி, அந்தரத்தில், இறுக்கமாக. வெளிச்சம் பக்கவாட்டிலிருந்து விழுந்தது. வெள்ளைக் கம்பளியில் பள்ளங்கள் தெரிந்தன. விரல் அழுந்தினால் விழுகிற பள்ளங்கள். இடது பக்கம் எண்ணினாள்.

ஏழு.

வலது பக்கம் எண்ணினாள். அங்கேயும் ஏழு.

அப்போதுதான் முதுகுத்தண்டில் சில்லென்று ஒன்று ஏறியது. எங்கோ தூரத்தில், வேறு யாருடைய முதுகிலோ ஏறுவதுபோல. எதிரே சிட்டம் இடது பக்கம் தாழ்ந்தது. வலது பக்கம் தாழ்ந்தது. அவள் நூலை இழுக்கவே இல்லை. வேலையைப் பார் என்று அவசரப்படுத்துகிற மாதிரி.

அவர் கடைசி வருஷத்தைப் பற்றி அவள் அப்போது நினைத்துப்பார்த்தாள். "கை மரத்துப்போகுதுடி, இது என் கை மாதிரியே இல்ல" என்று அவர் சொன்னது. நரம்புத் தளர்ச்சி என்று டாக்டர் மாத்திரை எழுதியது. பிடிக்கச் சோம்பல்பட்டு நல்ல சாக்குக் கண்டுபிடித்திருக்கிறார் என்று இவள் கிண்டல் செய்தது. தினமும் சாயங்காலம் விடாமல் அவரை இதே நாற்காலியில் உட்காரவைத்தது. அந்த வருஷம் அவர் கோபப்படவே இல்லை. அச்சகக் கதை பேசவில்லை. கை நீட்டினார், கொடுத்தார், எழுந்து படுக்கப் போனார். வயசாகிவிட்டது, மனுஷன் அடங்கிவிட்டார் என்று அவள் சந்தோஷப்பட்டாள்.

சண்டையே இல்லாத வருஷம். ஒரு பொட்டலம்கூட அவர் வாங்கிவரவில்லை.

அறை மட்டும் நிறைந்துகொண்டே போயிருந்தது.

எழுந்து, கட்டில்மேல் கிடந்த மூட்டையை அவிழ்த்து, அந்த வருஷம் சுற்றிய உருண்டைகளில் ஒன்றை எடுத்தாள். கல் மாதிரி கனத்தது. இரண்டு கையாலும் அழுத்திப் பார்த்தாள். லேசான சூடு இருந்தது. தூங்குகிற ஆளின் கழுத்தில் இருக்குமே, அந்தச் சூடு.

அப்படியே வெளியே வந்து கதவைச் சாத்தி, மகளுக்குப் போன் போட்டாள்.

"வராதே" என்றாள்.

"என்னம்மா?"

"இங்க வேணாம். நீ அங்கயே இரு. ஆஸ்பத்திரி அங்கயே பாத்துக்கோ."

"ஏன்? உடம்பு சரியில்லையா? அழுறியா?"

"இல்ல."

"அதாம்மா எனக்குப் பயமே. அப்பா போனப்பவும் இந்தக் குரல்லதான் சொன்ன. பால் தீந்துபோச்சுங்கிற மாதிரி."

அவள் போனை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். கத்த வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்தது. கத்தினால் மகள் நம்புவாள். வராதேடி, உன் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எங்காவது ஓடு என்று தொண்டை கிழியக் கத்த வேண்டும். வாயைத் திறந்தாள். கத்துவதற்கு உள்ளே ஏதாவது இருக்க வேண்டுமே.

"ரூம்ல என்னமோ இருக்கு" என்றாள், அதே குரலில்.

"என்ன இருக்கு?"

"தெரியல. ஏழு விரல்."

மகளின் குரல் கம்மியது. "அம்மா. நீ ஒண்ணும் பண்ணாத. மாத்திரை கீத்திரை எதையும் தொடாத. நான் நாளைக்குக் காலைலயே கிளம்பி வந்துடறேன்."

"வராதேன்னு சொல்றேன்."

"வரேன். நீ சும்மா படு." போன் வைக்கப்பட்டது. மறுபடி கூப்பிட்டாள். மகள் எடுக்கவில்லை.

பழைய சாமான் வண்டிக்காரர் நாலு தெரு தள்ளி இருந்தார். போய்க் கையோடு கூட்டிவந்தாள். அவர் அறை வாசலில் நின்று தலையைச் சொறிந்தார்.

"அத்தனையுமா? நல்ல நூலா இருக்கேம்மா. எவ்வளவு எதிர்பாக்கறீங்க?"

"சும்மா எடுத்துட்டுப் போங்க. இன்னிக்கே."

"அப்புறம் மனசு மாறி என் வாசல்ல வந்து நிக்கக் கூடாது, சொல்லிட்டேன்."

பத்தொன்பது மூட்டை. ஒவ்வொன்றாக அவர் முதுகில் ஏற்றினார், ஏற்றும்போதெல்லாம் முனகினார். "கம்பளியா, செங்கல்லா? என்னம்மா இது, ஆளைத் தூக்கற மாதிரி கனக்குது." அவள் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசி வருஷத்து உருண்டைகள் இருந்த மூட்டை வெளியே போனபோது, புருஷனுடைய மிச்சம் என்று ஏதாவது இருந்தால் அது இதுதான் என்று அவளுக்குத் தெரிந்தது. ஒன்றையாவது எடுத்து வைத்துக்கொள்ளலாமே என்று தோன்றியது. தோன்றியது, அவ்வளவுதான். மகள் வருகிறாள். போகட்டும் என்று விட்டாள்.

வண்டி போன பிறகு அறையைச் சோப்புத் தண்ணீர் ஊற்றிக் கழுவினாள். நாற்காலியையும் முக்காலியையும் கொல்லைப்பக்கம் இழுத்துப்போய்க் கோடரியால் பிளந்து அடுப்பில் வைத்தாள். அறையில் வெறும் கட்டிலும் அலமாரியும் மட்டும். சுவர்கள் திடீரென்று பின்னால் தள்ளிப்போன மாதிரி இருந்தது. தன் காலடிச் சத்தம் தனக்கே திரும்பி வந்தது. அறையைப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். மகளைக் கூடத்தில் படுக்கவைத்துக்கொள்ளலாம், மறுநாளே வேறு வீடு பார்த்துக்கொள்ளலாம் என்று முடிவு செய்தாள்.

மகள் வெள்ளிக்கிழமை மதியம் வந்தாள். வயிற்றைத் தாங்கிக்கொண்டு ஆட்டோவிலிருந்து இறங்கியவள் அம்மாவைக் கட்டிக்கொண்டு அழுதாள். "எலும்பும் தோலுமா இருக்கியே. விரல்ல என்ன புண்ணு?" என்று திட்டினாள். வயிற்றுக்குள்ளிருந்து ஒரு உதை. அது அம்மாவின் இடுப்பில் பட்டது.

"பாத்தியா, பாட்டிக்குக் குடுக்குது. ராத்திரி முழுக்க இதே கூத்துதான்" என்று அழுகையோடு சிரித்தாள் மகள்.

அந்த உதை பட்ட இடத்தில், ஏழு மாதத்துக்கு அப்புறம், அவளுக்கு ஏதோ ஒன்று அசைந்தது. வலி மாதிரி. இது போதும் என்று நினைத்தாள். இதைக் காப்பாற்றினால் போதும், எனக்கு மற்றது எதுவும் திரும்பி வர வேண்டாம்.

மகளைக் கூடத்துப் பாயில் சாய்த்து உட்காரவைத்துவிட்டுப் பால் சூடாக்கப் போனாள். இடுப்புச் சாவி அடுப்பு மேடையில் இடித்தது. எடுத்து மேடைமேல் வைத்தாள். பால் பொங்கும்வரை நின்றாள். சர்க்கரை போட்டு ஆற்றினாள். திரும்பினால் பாயில் மகள் இல்லை.

மேடையைப் பார்த்தாள். சாவி இருந்தது.

நூல் அறைக் கதவு திறந்திருந்தது.

கூடத்தைத் தாண்ட ஆறே எட்டு வைத்தால் போதும். கால் நகர்ந்த மாதிரியே தெரியவில்லை. உள்ளே சத்தமே இல்லை. ஒரு சின்ன உரசல் மட்டும். கம்பளி விரலில் உரசுகிற சத்தம்.

மகள் கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருந்தாள். இரண்டு கையும் அகன்றிருந்தன. கைகளில் ஒரு சிட்டம். மெல்லிய நூல், தோல் நிறம். அப்படி ஒரு நிறத்தை அவள் தன் வாழ்நாளில் வாங்கியதில்லை. எதிரே நாற்காலி இல்லை, முக்காலி இல்லை. ஒரு ஆள் உட்கார்ந்தால் மடி இருக்கிற உயரத்தில், வெறும் காற்றில், ஒரு சின்ன உருண்டை சுழன்றுகொண்டிருந்தது.

டம்ளர் கையிலிருந்து விழுந்தது. மகள் திரும்பவில்லை.

"கட்டிலுக்கு அடில ஒண்ணு மிச்சம் கிடந்துச்சும்மா" என்றாள் மகள். தட்டையான குரல். இடது கை தாழ்ந்தது. வலது கை தாழ்ந்தது. "நல்லா இருக்கு. இடுப்பு வலிகூடத் தெரியல."

"போடு அதை. கீழ போடு."

"ஏன்?"

பாய்ந்தாள். சிட்டத்தைப் பிடித்து இழுத்தாள். மகளின் விரல்கள் விடவில்லை. ஒவ்வொரு விரலாகப் பிரித்தாள். நூல் அவள் உள்ளங்கையை அறுத்தது. இன்னும் இழுத்தாள். பல்லால் கடித்தாள். அறுந்தது. சிட்டம் அவளோடு சேர்ந்து தரையில் விழுந்தது. எதிரே உருண்டையும் விழுந்து, ஒரு தடவை துள்ளி, சுவரோரம் போய் நின்றது.

தெருவில் எங்கோ ஒரு சைக்கிள் மணி.

மகளின் கைகள் மெல்ல மடிக்கு இறங்கின. அவள் அம்மாவைப் பார்த்தாள். யாரையோ பார்ப்பதுபோல.

"பாப்பா?" என்றாள் அம்மா. மூச்சு வாங்கியது. "பாப்பா எப்படி இருக்கு? உதைக்குதா?"

மகள் யோசித்தாள். "இல்ல. உதைக்கறதை நிறுத்திடுச்சு."

"எப்பலேருந்து?"

"தெரியலையே." மகள் லேசாகத் தோளைக் குலுக்கினாள். முகத்தில் ஒன்றுமே இல்லை.

அவள் முட்டிபோட்டு நகர்ந்து வந்து, ரத்தம் கசிந்த தன் உள்ளங்கையை மகளின் வயிற்றில் வைத்தாள். இறுகியிருந்தது. அசையவில்லை. ஒரு உதை, கடவுளே, ஒரே ஒரு உதை. கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தாள்.

சுவரோரம் கிடந்த உருண்டை உருள ஆரம்பித்த சத்தம் கேட்டது.

அப்போது உள்ளங்கைக்கு அடியில் அது வந்தது. உதை இல்லை. தோலுக்கு அந்தப் பக்கம், நன்றாக அகட்டிப் பிடித்த இரண்டு குட்டிக் கைமுட்டிகள். ஒன்று மெல்லத் தாழ்ந்தது. அது நிமிர, மற்றது தாழ்ந்தது.

இடது. வலது.

இடது.